வேலூருக்குக் கீழே

ஒரு விண்ணப்பப் பக்கத்தின் நடுவில், புதிதாக வைத்த மாவட்டப் பட்டியல் ஒன்று இருந்தது. மவுஸின் சக்கரம் உருண்டால் அதிலுள்ள பெயர்கள் நகரும். ஒரு பெண் அதன் கடைசிப் பெயரான வேலூரைத் தேர்ந்தெடுத்தாள். அனுப்பும் பொத்தான் பக்கத்தின் அடியில் இருந்ததால் மேலும் உருட்டினாள். எதுவும் நகரவில்லை.

"ஏம்ப்பா, உருட்டுறதையெல்லாம் நீயே விழுங்குறியே?" என்றது பட்டியலின் மேல் நின்ற அம்புக்குறி. "உன் பேரெல்லாம் தீர்ந்துபோச்சு. பக்கத்துக்கிட்ட விட்டுடு."

"என்னால முடியலைன்னு சொன்னா, இங்க வச்சவங்களே என்னைத் தூக்கிடுவாங்க," என்றது பட்டியல். "பக்கம் நகர்ந்தா நான் கண்ணுலயே பட மாட்டேன்."

"நாலு நிமிஷத்துல விண்ணப்பம் மூடிடும்டா! நான் உன்னை விட்டு விலகினாலே பக்கம் நகரும். ஆனா அந்தப் பொண்ணு கை நகர்த்தாம நானும் நகர முடியாது."

சக்கரம் படபடவென்று உருண்டது. பட்டியல் அதையும் விழுங்கியது. அப்போது அம்புக்குறி வேலூரின் மேல் லேசாக நடுங்கியது. அது அந்தப் பெண்ணின் கை நடுக்கம். பயத்தில் வரும் அந்த நடுக்கம் பட்டியலுக்கும் நன்றாகத் தெரியும்.

"அண்ணே," என்று அது பக்கத்தைக் கூப்பிட்டது. "என்கிட்ட இவ்வளவுதான் அண்ணே. இனிமே நீங்க பாருங்க."

"அட, இத்தனை நேரமா உருட்டுறாங்களா? எனக்கு ஒண்ணுமே வரலையே!" என்று பதறியபடி பக்கம் நகர்ந்தது.

பயந்தது போலவே பட்டியல் வரிவரியாக மேலேறி மறைந்தது. யார் கண்ணிலும் படாத இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வெகு கீழே, அனுப்பும் பொத்தானிடமிருந்து, 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது.