முடியாதென்றால் எழுதிக் கொடுங்கள்

மதிய வெயில் பிரசவ வார்டு வராந்தாவில் பாதிவரை ஏறி நிற்கிறது. போதையில் சிக்கிய பெண்களுக்காக ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்குவதுதான் ஒன்பது வருடமாகப் பிரவீனாவின் வேலை. காலையிலிருந்து இது மூன்றாவது வாசல். பெஞ்சில் அவள் தோளில் சாய்ந்திருக்கும் நிரோஷாவுக்கு ஏழாம் மாதம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவள். நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்பு. வலி மாத்திரைப் பழக்கம். நேற்றிலிருந்து அதைப் போடாததால் உடம்பு தூக்கிப் போடுகிறது, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நர்ஸ் அவளைப் பார்க்காமலே பேசுகிறாள். "இந்த மாதிரி கேஸெல்லாம் இங்க சேர்க்க முடியாதும்மா. போலீசுக்குத்தான் சொல்லணும்." பிரவீனா குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை. "இந்தப் பழக்கத்த விட்டுடணும்னு அவளேதான் வந்திருக்கா சிஸ்டர். இப்பத் தொரத்துனா, வலி வந்தாக்கூட இந்தப் பக்கம் வரமாட்டா. டாக்டர் ஒருவாட்டி பாக்கட்டும். முடியாதுன்னா, அத எழுதிக் குடுத்துடுங்க." நர்ஸ் பேனாவை எடுக்கிறாள், எழுதாமல் உள்ளே போகிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. "அக்கா, பொறந்ததும் புள்ளைய என்கிட்ட குடுப்பாங்களா?" நிரோஷா கேட்கிறாள். பிரவீனா கைக்குட்டையால் அவள் மூக்கைத் துடைத்துவிடுகிறாள். "அதுக்கும் வந்து நிப்பேன்மா," என்கிறாள். கதவு திறக்கிறது. "நிரோஷா யாரு? டாக்டர் கூப்பிடறாங்க." வயிற்றைப் பிடித்தபடி நிரோஷா உள்ளே போகிறாள். பிரவீனா சுவரில் தலையைச் சாய்க்கிறாள். தூக்கத்தில் கண் சொக்குகிறது. ஆனாலும் மூடவில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.