கிழக்குக் கரைச் செங்குருகு

"பல்லைப் பிடுங்குற வேலையோட நிறுத்திக்காம, அந்த அம்மா பறவை விஷயத்துல புளுகவும் ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்குக் கூட்டத்துல அவங்களைக் குழுவை விட்டுத் தூக்கறேனா இல்லையா பாரு!"

செயலாளர் கர்ஜித்தார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

சுற்றுத் தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பாதுகாக்கும் ஏரி அது. ஏரிக்கு ஒரு காப்புக் குழு, குழுவுக்கு இவர் செயலாளர். தன்னிடம் அனுமதி வாங்கித்தான் பறவைகள் தண்ணீரில் இறங்குகின்றன என்ற நினைப்பு அவருக்கு. கரையில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை ஒலிபெருக்கி வைத்துத் திறந்த புண்ணியவானும் அவரே.

புளுகு விஷயம் இதுதான். ஏரியில் செங்குருகின் குரல் கேட்டதாகப் பேச்சுக் கிளம்பியது. கொக்கு இனத்தில், லேசில் கண்ணில் படாத கூச்சக்காரப் பறவை. "நான் பார்த்தேனே, கிழக்குக் கரைப் பாறை மேல" என்றார், குழு உறுப்பினரான பல் டாக்டரம்மா.

அவ்வளவுதான். செயலாளரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பீரங்கி சைஸ் கேமராவோடும் சிநேகிதர் படையோடும் பாறைக்கு எதிரே நாள் கணக்கில் தவம் கிடந்தார். கண்ட பலன், வெயிலில் மூக்குத் தோல் உரிந்ததுதான்.

மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன வருஷம் தேன்சிட்டுக் குஞ்சுகளைப் படமெடுத்துப் பரிசு வாங்கியவர். கூட்டை மறைத்த கிளைகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டு எடுத்தார். மறுநாளே காக்கை வந்து குஞ்சுகளைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. காக்கைக்குத்தான் என்ன கல்மனசு! அந்தப் படம் செயலாளர் வீட்டு ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது.

"செங்குருகு கோரைக்குள்ள ஒளிஞ்சு வாழற ஜாதி. மொட்டைப் பாறையில அதுக்கு என்ன வேலை? இதுகூடத் தெரியாதவங்க குழுவுல எதுக்கு?"

"நீங்க கோரையில போய்ப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"இப்பவே போறேன். கண்டுபிடிச்சு, கூட்டத்துல வெச்சு அந்த அம்மா மூஞ்சியில கரியைப் பூசறேன். பொறந்ததுலேர்ந்து ஒரு பொய் சொன்னவனா நான்?"

மனைவிக்கு நிறைய ஞாபகம் வந்தது. அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

கோரை இருந்தது மேற்கு மூலையில். சாக்கடை வந்து கலக்கும் இடம். நாற்றம், கொசு. காப்புக் குழுவின் கால் அங்கே பட்டதே இல்லை. அதனாலேயே கோரை ஆள் உயரத்துக்குச் செழித்திருந்தது.

உள்ளே போகும் ஒற்றையடிப் பாதையை யாரோ முள்கிளை போட்டு அடைத்திருந்தார்கள். "எவன்டா இவன்?" என்று திட்டிக்கொண்டே நுழைந்ததில் சட்டைத் தோள் கிழிந்தது. முள்ளைக் கட்டியிருந்த நூலும் அறுந்து, ஒரு துண்டு கிழிசலில் சிக்க, மிச்சம் கையோடு வந்தது. வெள்ளை நூல். மெழுகு பூசியது. புதினா வாசனை.

பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்.

செயலாளர் நின்றுவிட்டார்.

கோரையை விலக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தார். தாய்க் குருகு கழுத்தை வானத்துக்கு நீட்டி, கோரையோடு கோரையாக விறைத்து நின்றது. காலடியில் பஞ்சு பஞ்சாகக் குஞ்சுகள். அது அவரையே பார்த்தது, ஆனால் பறக்கவில்லை. குஞ்சுகளை விட்டுவிட்டு எங்கே போகும்?

ஹாலில் தொங்கும் படம் நினைவுக்கு வந்தது. ஓசைப்படாமல் பின்வாங்கினார். முள்ளைப் பழையபடி இழுத்து அடைத்தார். சட்டை மாற்ற நேரமில்லை. நேரே கூட்டத்துக்குப் போனார்.

முன்வரிசையில் மச்சான், மடியில் கேமராவோடு.

"என்ன மாப்ளே, கோரைப் பக்கம் போயிருக்கீங்கன்னு தங்கச்சி சொன்னா. அங்கதானே இருக்கு? சொல்லுங்க, இப்பவே கிளம்பறோம். கோரையைக் கொஞ்சம் அறுத்துவிட்டா வெளிச்சம் பிரமாதமா விழும். அப்புறம், இந்தப் புளுகு டாக்டரை என்ன பண்ணப் போறீங்க?"

டாக்டரம்மா நிமிரவே இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"கோரையில கொசுதான் இருக்கு மச்சான். டாக்டரம்மா சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். கிழக்குப் பாறை மேல, என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

பொறந்ததுலேர்ந்து பொய்யே சொல்லாதவர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? மச்சான் படை நல்ல இடம் பிடிக்கக் கிழக்கே ஓடியது.

கூட்டம் கலைந்தபின் டாக்டரம்மா செயலாளரிடம் வந்தார். அவர் தோளில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை மெல்லப் பிரித்தெடுத்தார்.

"சட்டை எங்க சார் இப்படிக் கிழிஞ்சுது?"

"பாறையிலதாம்மா."