கொஞ்சம் ஹோல்டுல போடுங்க

"அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேணாம் டாக்டர். என்னைக் கொஞ்சம் ஹோல்டுல போடுங்க, அது போதும்."

பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்தார்.

இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். ரிசப்ஷனிஸ்ட் சாப்பிடப் போய், டாக்டரே போன் எடுக்கிற நேரமாகப் பார்த்து அந்த அழைப்பு வரும். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல், ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஹோல்டில் போட்டால் சமர்த்தாகக் காத்திருக்கும். மறுபடி எடுத்து "சொல்லுங்க" என்றால் டொக்கென்று வைத்துவிடும். யார் கூப்பிட்டது என்று நம்பர் காட்டாத பழைய போன் வேறு.

எதிரே, ஹோல்டில் கேட்கிற மெட்டைப் போட்டுக் கொடுத்த கல்லூரி மாணவி நின்றுகொண்டிருந்தாள். டாக்டர்தான் வரச் சொல்லியிருந்தார்.

"உண்மையைச் சொல்லு. உன் பாட்டுக்கு ரசிகர் கூட்டம் இருக்கிற மாதிரி காட்டணும்னு, ஃப்ரெண்ட்ஸை விட்டு போன் பண்ணச் சொல்றியா?"

"சத்தியமா இல்ல சார். எனக்காக அவ்வளவு மெனக்கெடற ஃப்ரெண்டு ஒருத்தி இருந்தா, வாய்ப்பு கேட்டு நான் ஏன் சார் இப்படித் தெருத்தெருவா அலையறேன்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

போனோடு இணைத்திருந்த இசைப் பெட்டி, போன மாதம் வரை, காத்திருப்பவர்கள் காதில் கொரகொரவென்று இருமிக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர்லயே மியூசிக் போடற பசங்க காலேஜ்ல இருக்காங்களாம் டாக்டர். ஒரு நோட்டீஸ் ஒட்டிப் பார்க்கலாமே" என்று யோசனை சொன்னவர் ரிசப்ஷனிஸ்ட்தான். ஆனால் நோட்டீஸைப் பார்த்துவிட்டு இந்தப் பெண் வந்து நின்றபோது, அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் டும் டும் அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று டாக்டர் விட்டுவிட்டார்.

பெண்ணோ லேசுப்பட்டவள் இல்லை. "எனக்கு சிபாரிசு பண்ண யாரும் வேணாம் சார். பாட்டைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாள். பல் துளைக்கிற கருவியின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனாள். அதை இழுத்து, மெதுவாக்கி, குழைத்து, புல்லாங்குழலா என்று சந்தேகப்படும்படி ஒரு மெட்டு செய்து கொண்டுவந்தாள். "போன்ல கனமான சத்தம் எடுபடாது சார், அதனால டும் டும் எதுவும் வைக்கல. எங்க முடியுது, எங்க திரும்ப ஆரம்பிக்குதுன்னும் தெரியாது" என்றாள். கேட்டதும் டாக்டருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஜனங்கள் கேட்டாலே நடுங்குகிற அந்தச் சத்தமா இது என்று ஆச்சரியப்பட்டார்.

இப்போது அவளிடம் டாக்டர் சொன்னார்: "மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா லைன் அடைச்சுக்கிட்டா, வீங்கின கன்னத்தோட கூப்பிடறவன் என்ன ஆவான்? பெட்டியைக் கழட்டப்போறேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க சார். ஒரு விளம்பர ஸ்டுடியோவுல என்னைச் சேர்த்துக்கலாமான்னு யோசிக்கறாங்க. 'லேப்டாப்ல போட்டு வச்சதெல்லாம் சரி, ஜனங்க காதுல விழற வேலை ஏதாவது பண்ணியிருக்கியா'ன்னு கேட்டாங்க. உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்கேன். சாயங்காலம் கூப்பிட்டுக் கேக்கறோம்னு சொல்லியிருக்காங்க. எனக்குக் காட்டறதுக்கு வேற ஒண்ணும் இல்ல சார்."

டாக்டர் தடுமாறினார். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. ஹோல்டுல மட்டும்..." அதே குரல்.

"போட்டுட்டேன், நல்லா கேளுங்க" என்று பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தார். வந்த இரக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பெட்டி இருப்பது பின்னால் எக்ஸ்ரே அறையில். விறுவிறுவென்று நடந்தார். "சார், சாயங்காலம் வரைக்கும் மட்டும் சார்" என்று கெஞ்சிக்கொண்டே அந்தப் பெண்ணும் பின்னால் ஓடினாள்.

கதவைத் திறந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

எக்ஸ்ரே நாற்காலியில் ரிசப்ஷனிஸ்ட் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே மடியில் கிடந்தது. செல்போன் காதில். கண்ணை மூடிக்கொண்டு, மெட்டுக்கு ஏற்றபடி டப்பா மூடியில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

அவர் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்குங்க டாக்டர். நாள் பூரா எல்லாரையும் ஹோல்டுல போடறது நான்தான். போடறவங்களுக்கு அந்தப் பாட்டு கேக்காதே. வர்றவங்க எல்லாம் 'நல்லா இருக்கு, யாரு போட்டது'ன்னு என்னைக் கேக்கறாங்க. என்னதான் இருக்குன்னு ஒரு தடவை கேட்டேன். அப்புறம் விட முடியல டாக்டர்."

இதற்குமேல் எப்படிக் கோபப்படுவது? டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பெட்டி அங்கயே இருக்கட்டும். ஆனா இதுக்கு எதுக்கு இவ்வளவு வேஷம்? இதோ நிக்குதே, இந்தப் பொண்ணைக் கேட்டிருந்தா சந்தோஷமா போட்டுக் காட்டியிருக்குமே?"

ரிசப்ஷனிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனையோ தடவை கேட்டுட்டேன் டாக்டர். 'உனக்கு இதெல்லாம் புரியாதும்மா'ன்னு சொல்லிட்டு, ரூம் கதவைச் சாத்திக்கறா என் பொண்ணு."