இடது பக்கத்து ஷாக் அப்சார்பர்

"மேடம், சார் பின்னால தினமும் உட்கார்ந்து போறது நீங்களா?"

மெக்கானிக் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"நானா? இதுல ஏறி மூணு வருஷமாச்சு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பு ஒண்ணொண்ணா கழண்டு விழுந்துச்சு. இனிமே பஸ்தான்னு சொல்லிட்டேன்."

முப்பது வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே கணவனிடம் வந்து சேர்ந்தது. அதனால் அவள் அதற்கு வைத்திருந்த பெயர் 'மூத்தாள்'. சாருடைய போன் கிடைக்கவில்லை, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வேலையை ஆரம்பித்துவிடுவேன் என்று மெக்கானிக் கூப்பிட்டதால்தான் பட்டறைக்கே வந்தாள்.

மெக்கானிக் ஒரு ஷாக் அப்சார்பரைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் ஒழுகி, தூசி அப்பி, கன்னங்கரேல் என்று இருந்தது.

"இது இடது பக்கம். சுத்தமா போச்சு. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு, பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். ஒரு பக்கமா கால் போட்டு உட்கார்ந்தாத்தான் இப்படி ஆகும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் பாருங்க. ரெண்டும் போன வருஷம் நான் மாத்தினது. இடது பக்கம் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. வலது பக்கம் அப்படியே புதுசா இருக்கு."

ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவது ஆணா பெண்ணா என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. மூத்தாளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாயிற்று. இப்போது மூன்றாவதாக ஒருத்தியா?

"ஒண்ணுதானே போச்சு? அதை மட்டும் மாத்துங்க."

"ஜோடியாத்தான் மாத்தணும் மேடம். இல்லைன்னா வண்டி கோணிக்கிட்டுப் போகும்."

"என்னமோ செய்யுங்க" என்று வயிறெரிய வீடு திரும்பினாள்.

சாயங்காலம் வண்டியோடு வந்த கணவன், காபியைக் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்.

"எங்கே?"

"புது ஷாக் எப்படி இருக்குன்னு ஒரு ரவுண்டு."

"நானும் வரட்டா?"

"நாளைக்கு வாயேன்" என்று ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இது போதாதா? ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். "முன்னால போற அந்தப் பழைய வண்டியை விட்டுடாதீங்க."

விடுவதற்கு என்ன இருக்கிறது? அவர் நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். நாலு தெரு தள்ளி ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. காத்திருந்த ஒருத்தி அவர் தோளைப் பிடித்து, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஆட்டோவுக்குள் இவள், கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் வரிசையாக அடுக்கினாள்.

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பின்னால் இருந்தவள் இறங்கித் திரும்பினாள்.

அக்கா!

"அப்பாவோட கடைசி நாளுக்கு மட்டும் வந்து நின்னவ நீ" என்று எல்லார் முன்னாலும் சொன்ன அக்கா. இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. வலது மணிக்கட்டில் பெரிய கட்டு. வார முடியாத தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ! "கைக்கு என்னக்கா ஆச்சு?" என்றுதான் வந்தது.

"வழுக்கி விழுந்துட்டேன். ரெண்டு மாசமா தினமும் புண்ணுக்குக் கட்டு மாத்த தம்பிதான் கூட்டிட்டு வர்றார்... தம்பி, அவகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!" என்று அக்கா அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நான் வாயே திறக்கலை!"

அவள் தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்காவை உட்கார வைத்துச் சிக்கெடுத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அப்பாடா என்றிருந்தது. சந்தேகம் பொய்யாய்ப் போனதற்கா, அக்கா கிடைத்ததற்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனாள்.

"அந்த நல்ல ஷாக்கைக் குடுங்க. பின்னால உதவும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பிறகு பேப்பரைப் பிரித்தார். அதுவும் எண்ணெய் ஒழுகி, கன்னங்கரேல் என்று இருந்தது.

"நல்லாயிருக்குன்னு சொன்னீங்க?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் மேடம் போச்சு. சார்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். 'அக்காவுக்குக் கை உடைஞ்சிருக்குன்னு சொன்னா வரமாட்டா. நான் எவளையோ ஏத்திக்கிட்டுப் போறேன்னு தெரிஞ்சா ஆட்டோ பிடிச்சு வருவா'ன்னார்."

"வாயே திறக்கலைன்னு அக்காகிட்ட அடிச்சுச் சொன்னாரே!"

"அவர் எங்கே மேடம் திறந்தார்? என் வாயைத்தானே திறக்க வச்சார்!"