கிற்றார் வரும் இடம்

கூறைச் சேலை மாற்றிக்கொண்டு மிருணாளினி அறைக் கதவைத் திறந்ததும், இராஜேந்திரன் அண்ணை நாதஸ்வரத்தைத் தூக்கிக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் தவில் கோலை எடுக்கத் தயங்கினேன்.

காரணம் முன்வரிசையில் பச்சைப் பட்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தது. பெயர் சாரதாதேவி. மணப்பெண் மிருணாளினியின் தாய்.

எங்களை ஒழுங்குசெய்த அன்றே அவர் சட்டம் போட்டிருந்தார். கர்நாடக சங்கீதம் மட்டும். வேறு பாட்டு ஒரு வரி கேட்டாலும், தவிலையும் தூக்கிக்கொண்டு பாரிஸ் லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்கு நடக்க வேண்டியதுதான். சொன்னால் செய்கிற மனுசி. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒலிபெருக்கியின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கியவர்.

அடுத்த நாளே, ரூ காய் தெருவில் நான் வேலைசெய்யும் மரக்கறிக் கடைக்கு மகள் வந்து நின்றாள். அண்ணையும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் மற்றதை என் காதிலும் செருகினாள்.

இங்கிலாந்துப் பொடியன்கள் நாலு பேர் கிற்றாரும் கையுமாகப் பாடிய அல்பம். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் அவளுக்குத் தேவாரம். அதில் ஒரு பாட்டோடுதான் மணவறைக்கு நடந்து வரவேண்டுமாம். வீட்டில் அதைப் போட்டால், சரியாகக் கிற்றார் தனியாக வரும் இடத்தில் தாய்க்குப் பொறுமை போய்விடுமாம். குசினியிலிருந்து அகப்பைக்காம்பால் சுவரில் தட்டத் தொடங்கிவிடுவாராம்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி நின்று கேட்டோம்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பாடுகிறவன் தடிமன் பிடித்தவன் போல மூக்கால் பாடினான். ஆனால் அந்த மெட்டு இருக்கிறதே, பொல்லாதது. மோகன ராகம் என்று நம்பிப் பின்னால் போனால், நடுவழியில் அதில் இல்லாத ஒரு நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது. அன்று பின்னேரம் முழுக்க முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டு அதையே முணுமுணுத்தேன்.

அண்ணை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆரோ நல்ல வாத்தியாரிடம் பழகியிருக்கிறாங்கள் என்றார். அவர் சம்மதித்துவிட்டால் தவில்காரன் என்ன செய்வது? பின்னால் போக வேண்டியதுதான்.

இப்போது தொடங்கியேவிட்டார்.

ஆலாபனை மாதிரிப் பாசாங்கு செய்து, மெல்ல மெட்டுக்குள் இறங்கினார். நான் ஆதி தாளத்தில் சேர்ந்துகொண்டேன். பயத்தில் நான் இரண்டு அடி தவறவிட்டதை ஆட்கள் புது நடை என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கிற்றார்த் துண்டை மட்டும் விட்டுவிட்டோம். எப்படி ஊதினாலும் கோழி கத்துவது போலத்தான் வந்தது.

பெண்ணின் பெரியப்பா குகதாசன் தொடையில் தாளம் போட்டார். கச்சேரிகளில் முன்னுக்கு இருந்து பாடகரைத் திருத்துகிற ஆள். பக்கத்தில் இருந்தவருக்கு, "பழைய கீர்த்தனை. இப்ப ஒருத்தரும் வாசிக்கிறேல்லை," என்று விளக்கம் வேறு.

மிருணாளினி சிரிப்பை அடக்க முடியாமல் கையிலிருந்த மாலைக்குள் முகத்தைப் புதைத்தாள். சனம் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டது.

சாரதாதேவி மட்டும் அசையவில்லை. எங்களையே பார்த்தார். பிறகு நேராக நடந்து வந்தார்.

மகள் நடுவழியில் நின்றுவிட்டாள். அண்ணை நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தார். நான் செருப்பை எந்தப் பக்கம் கழற்றினேன் என்று யோசித்தேன்.

அவர் எங்கள் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நடுவிலை கிற்றார் வாற துண்டை விட்டிட்டியள், அண்ணை. நாளைக்கு இவளை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவினம், வீடு சத்தமில்லாமல் கிடக்கப்போகுது. முழுக்க வாசியுங்கோ."

நான் செருப்பை மறந்து தவில் கோலை எடுத்தேன்.

அண்ணை முதலிலிருந்து தொடங்கினார். மகள், ஒன்றும் விளங்காமல், பயந்து பயந்து அடியெடுத்து வைத்தாள்.

கிற்றார் வரும் இடம் வந்தது. கோழிதான் கத்தியது. பெரியப்பா அதற்கும் தலையாட்டினார்.

சாரதாதேவி மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓட, விரலை மடக்கி அதில் தட்டினார். டக், டக், டக்டக். ஒரு அட்சரம் பிசகவில்லை.

மிருணாளினி குனிந்த தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் பாட்டை நிப்பாட்டச் சொல்லித்தான் அம்மா சுவரில் தட்டுகிறா என்று அவள் நினைத்திருந்தாள்.