தொலைந்த பச்சைக் கல்

நீர்நாய்க் குட்டி தன் வழவழப்பான கூழாங்கல்லை ஆற்றில் தொலைத்துவிட்டு ஓயாமல் அழுதது. அம்மா மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்தாள்.

"இது இல்லம்மா. அது பச்சை."

பச்சைக் கல் வந்தது.

"இதுல வெள்ளைக் கோடு இல்லையே!"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" அம்மா பல்லைக் கடித்தாள்.

கரையிலிருந்த ஆமை, "ஏதாவது ஒண்ணைக் கொடுத்து ஏமாத்திடேன்" என்றது.

"நீயே வந்து ஏமாத்திப் பாரு!" என்று சீறிவிட்டு மறுபடி மூழ்கினாள்.

மூச்சு முட்ட, வெள்ளைக் கோடு ஓடிய பச்சைக் கல்லொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். குட்டி அதைக் கன்னத்தில் உரசிப் பார்த்து அழுகையை நிறுத்தியது.

"அப்பாடா!" என்று அம்மா மல்லாந்தாள்.

"அம்மா, இது அதோட தம்பி. பாவம், தனியா இருக்கு. வா, அண்ணனைத் தேடலாம்."