முதலை விழுங்கிய மந்திரவாதி

"கொழுக்கட்டையைத் தொட்டா பூரணத்தைத் தொட்டதா ஆயிடுமா? நீங்களே சொல்லுங்க ரோசரி!" என்றான் ஜமீல்.

புத்தூரில் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. மேசை முழுக்கப் பகடைகள், அட்டைக் கோட்டை, ஆறிப்போன சமோசா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இங்கே மாயாஜால ஆட்டம். ஜமீல் கதையை நடத்துவான்; மற்றவர்களுக்கு அதற்குள் ஆளுக்கொரு வேஷம். விதிப் புத்தகத்துக்கு அவன் சொல்வதுதான் பொருள். போன மாதம் அவனுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் நின்றதைத் தவிர, மூன்று வருஷமாக ஆட்டத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

இன்றைக்கு வந்துவிட்டது. நல்லதம்பியின் மந்திரவாதியை ஆற்றில் முதலை விழுங்கிவிட்டது.

ரோசரிக்கு வைத்தியச்சி வேஷம். அவளிடம் உயிர்மீட்பு மந்திரம் இருந்தது. ஆனால் புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: 'இறந்தவரின் உடலைத் தொட்டபடி சொல்ல வேண்டும்.'

"நான் முதலையைத் தொடறேன். அதுக்குள்ளதானே அவர் இருக்காரு?"

"முதலையைத் தொட்டா முதலையைத்தான் தொட்டீங்க. உடம்பு உங்க கைக்குக் கிடைக்கலை. மந்திரம் செல்லாது. ஆளு மௌத்து, அவ்வளவுதான்."

"டேய் ஜமீல், கொஞ்சம் கருணை காட்டுடா" என்று கெஞ்சினான் நல்லதம்பி.

காரணம் இருந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெரிய பெரிய இன்ஜினையெல்லாம் கழற்றி மாட்டுகிறவன், போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனியின் வளைகாப்பை மறந்துவிட்டு இங்கே பகடை உருட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பாவத்துக்கு மனைவி இளவேனில் அவனை ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து சமயபுரத்துக்கே இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்கியிருந்தாள். மந்திரவாதி செத்தால் அன்றோடு ஆட்டத்துக்கு முழுக்கு என்பதுதான் சத்தியம். ஜமீலிடம் வாதாடலாம், மாரியம்மனிடம் முடியுமா?

நல்லதம்பி நேர்மையானவன். அழாத குறையாகப் போனை எடுத்தான்.

"செத்துட்டேன், இளவேனில். ஐயோ, நான் இல்ல... அவன்."

"அங்கேயே இருங்க. காந்தி மார்க்கெட்லதான் இருக்கேன், வரேன்" என்றாள்.

நல்லதம்பி தன் பகடைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

இளவேனில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு மாடியேறி வந்தாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவு. பாலிசியின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டியே ஆளைத் திருப்பி அனுப்புகிறவள் என்று பெயர். ரோசரி பயத்தில் சமோசாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் உட்காரவே இல்லை.

"எப்படிச் செத்தாரு?"

ஜமீல் விவரம் சொன்னான்.

"முதலை முழுங்கிச்சா, மென்னுச்சா?"

"அப்படியே முழுங்கிடுச்சு தங்கச்சி."

"அந்தப் புத்தகத்தைக் கொடுங்க." நின்றபடியே படித்தாள். "இந்த மந்திரம் ஏன் செல்லாது?"

"தொடறதுக்கு உடம்பு இல்லையே."

"அப்ப, செத்தாருன்னு எந்த உடம்பைப் பார்த்துச் சொன்னீங்க?"

ஜமீல் புத்தகத்தை எட்டி வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான்.

"உடம்பு கிடைச்சா மரணம். கிடைக்கலேன்னா ஆள் காணோம், அவ்வளவுதான். காணாமப் போனவரைச் செத்துட்டாருன்னு சொல்லணும்னா ஏழு வருஷம் ஆகணும் அண்ணே. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், உங்க முதலைக்கு ஒரு சட்டமா?"

"ஏழு வருஷம்னா... கதைக்குள்ளயா?"

"கதைக்குள்ளதானே காணாமப் போனாரு?"

ரோசரி துள்ளி எழுந்தாள். "நாம மூணு வருஷமா ஆடறோம். கதைல இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை!"

ஜமீல் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "அல்லாவே, ஆளை விடுங்க! உயிரோடதான் இருக்காரு. வா நல்லதம்பி, முதலை வயித்துக்குள்ளேர்ந்து ஆரம்பிப்போம்."

நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய் இத்தனை நாள் எதிரி என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அப்ப நம்ம சத்தியம்?"

"அது அப்படியே இருக்கு. அவருதான் சாகலையே! நீங்க இருந்து ஆடிட்டு நிதானமா வாங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

ரோசரி காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தாள். "சத்தியம் வாங்கினதும் நீங்க, சண்டை போட்டுக் காப்பாத்தினதும் நீங்க. அவர் மேல உங்களுக்கு எவ்வளவு பாசங்க!"

"பாசம்தான்" என்று பையை வாங்கி ஸ்கூட்டியில் மாட்டினாள் இளவேனில். "சத்தியம் வாங்கினப்ப, அவர் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. போன மாசம் ஆட்டம் இல்லாதப்பதான் தெரிஞ்சுது. சமையல்ல ஒத்தாசை பண்றேன்னு அடுப்படிக்கு வந்தாரு. போன்ல பார்த்த குறிப்புல 'உப்பு தேவையான அளவு'ன்னு போட்டிருந்துச்சு. யாருக்குத் தேவையான அளவுன்னு எங்க மாமியார்கிட்ட ஆரம்பிச்சாரு பாருங்க, நாங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்றப்ப வாசல்ல விளக்கு வெச்சாச்சு."

வண்டியைக் கிளப்பியவள், ஏதோ நினைவு வந்து திரும்பினாள்.

"ரோசரி, உடம்பு கைக்குக் கிடைச்சிடப் போகுது. ஏழு வருஷத்துக்கு அந்த முதலைக்கு மட்டும் ஒண்ணும் ஆகாமப் பார்த்துக்குங்க."